பெட்டிக்குள் உறங்கும் அமானிதம்

 

அகிலங்களின் இரட்சகனாம் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவன் அருளிய திருமறையை ஓதுகின்ற எவரும் ஒன்றைக் கவனித்திருப்பர். நூஹ் நபியின் சமூகம், ஆது கூட்டம், ஸமூது கூட்டம், ஃபிர்அவ்ன் என்று முன்சென்றோரின் செய்திகள் அதில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவை பொழுதுபோக்கிற்காகச் சொல்லப்பட்ட கதைகள் அல்ல. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைக் கூறும் அத்தியாயத்தின் இறுதியில், அறிவுடையோருக்கு இவ்வரலாறுகளில் படிப்பினை உண்டு என அல்லாஹ் உணர்த்துகிறான். பூமியில் பயணம் செய்து, முன்னோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படியும் பல இடங்களில் பணிக்கிறான்.

முதன்முதலாக இறங்கிய வசனங்கள் ஓதுவதைப் பற்றியும் எழுதுகோலைப் பற்றியும் பேசுகின்றன. திருமறையின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் கட்டளை. சிறிய தொகையாயினும் எழுதுவதில் சலிப்படையலாகாது என்றும் அது எச்சரிக்கிறது. எழுத்தை இவ்வளவு மதிக்கும் ஒரு வேதத்தைப் பெற்ற நாம், நம் முன்னோர் எழுதி வைத்தவற்றை என்ன செய்தோம்? காரைக்கால் கரையை முன்வைத்து இக்கேள்வியை நீங்களும் நானும் சற்றே சிந்திப்போம்.

பல கொடிகள் பறந்த கரை

காவிரிப் படுகையின் கிழக்கோரத்தில், அரசலாறு கடலைச் சேரும் இடத்தில் அமைந்துள்ளது காரைக்கால். வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், அதையடுத்து நாகப்பட்டினம். ஏறக்குறைய ஒருநாள் நடைதூரமே உள்ள இக்கரையில் தரங்கம்பாடியில் டேனியர், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர் என மூன்று நாட்டுக் கொடிகள் ஒரே காலத்தில் பறந்திருக்கின்றன. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே இது வணிகர்களின் கரைதான். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையாரின் குடும்பம் வணிகக் குடும்பமாகவே வருகிறது. அவருடைய கணவர் கப்பலேறிக் கடல் வாணிகம் செய்யப் போகிறார். சமயநூல் ஒன்றின் வழியாகத் துறைமுக வாழ்க்கையின் செய்தி நமக்குக் கிடைப்பதைக் கவனியுங்கள். எந்த நூலில் எந்த உண்மை ஒளிந்திருக்கும் என்பதை, படித்துப் பார்க்காமல் சொல்லிவிட முடியாது.

தஞ்சை மராட்டியர் ஆளுகையிலிருந்த காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியதும் திருப்பிக் கொடுத்ததும் நிகழ்ந்தன. 1954 நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. பிரெஞ்சுக்காரர் 1859இல் சைகோனைக் கைப்பற்றிய பிறகு, காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பலர் அங்கே சென்றனர். துணி வணிகம் செய்தோரும், நாணயம் மாற்றியோரும், அரசுப் பணி புரிந்தோரும் அவர்களில் உண்டு. இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் அவ்வூரின் நடுவே, தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது.

கல்லால் கட்டிய பள்ளிவாசல் நிற்கிறது. அதைக் கட்டியவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் எங்கே? அவர்கள் இரவில் ஓதிய கிதாபுகள் எங்கே? அவர்களின் கணக்கேடுகள் எங்கே? பிரெஞ்சு அரசு எழுதி வைத்த ஆவணங்களில் ஒரு பகுதி, பிரான்சின் எக்ஸான் புரோவான்ஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆட்சி செய்தவர்கள் தம் பதிவுகளைக் காத்துக்கொண்டார்கள். ஆளப்பட்ட நம் முன்னோரின் சொந்த எழுத்துகளைக் காக்க வேண்டியவர்கள் யார்? நாமல்லவா!

புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எழுதியவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின், 1846இல் அது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அன்றைய போர்களும், விலைவாசியும், மனிதர்களின் குணங்களும் இன்று நமக்குத் தெரிகின்றன என்றால், ஒருவர் எழுதினார், அவர் குடும்பத்தார் அதை அழித்துவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதே காரணம். நம் கரையில் கப்பல் வைத்திருந்த மரைக்காயர்களும் கணக்கு எழுதாமல் வணிகம் செய்திருக்க முடியாது.

அரபு எழுத்தில் தமிழ் ஓசை

நம் பாட்டனார், பாட்டியார் காலத்துப் பெட்டிகளைத் திறந்தால், அரபு எழுத்தில் அமைந்த சில பழைய நூல்கள் தென்படும். எடுத்து ஓதிப் பார்த்தால் சொற்கள் அரபியல்ல, தமிழ்! இதுவே அரபுத் தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ள, ழ போன்ற ஓசைகளுக்காக, அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் அமைத்துக்கொண்டனர்.

இது எதற்காகத் தோன்றியது? அக்காலத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லார்க்கும் எட்டவில்லை. பெண் பிள்ளைகளுக்கோ அறவே எட்டவில்லை. ஆனால் குர்ஆன் ஓதக் கற்பதற்காக அரபு எழுத்துகளை ஆணும் பெண்ணும் சிறுவயதிலேயே அறிந்திருந்தனர். அறிந்த எழுத்தில், பேசும் மொழியை எழுதிவிட்டால் படிப்பதற்குத் தடையேது? தொழுகையின் சட்டங்களும், நபிமார்களின் வரலாறும், மருத்துவக் குறிப்பும், கணவருக்கு எழுதும் கடிதமும் இவ்வழியில் சாத்தியமாயின. காயல்பட்டினம், கீழக்கரை முதல் நம் நாகூர், காரைக்கால் கரை வரையிலும், கடல் கடந்து இலங்கையிலும் இவ்வெழுத்து புழங்கியது. கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபியிலும் அரபுத் தமிழிலும் ஏராளமாக எழுதினார்கள். அதே ஊரின் செய்யிது ஆசியா உம்மா போன்ற பெண் புலவர்களும் ஞானப் பாடல்கள் இயற்றினர். முஸ்லிம் பெண்களுக்கு எழுத்தறிவே இருந்ததில்லை என்று கூறுவோருக்கு இந்நூல்களே மறுப்பு.

20ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பள்ளிகள் பெருகின; மார்க்க நூல்கள் தமிழ் எழுத்திலேயே அச்சாயின. இது நன்மையே. எனினும் அரபுத் தமிழின் தேவை குறையக் குறைய, அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைந்தனர். கேரளத்துச் சகோதரர்களோ மலையாளத்தை அரபு எழுத்தில் எழுதும் அரபி மலையாளத்தை இன்னும் கைவிடவில்லை. அவர்களின் மதரஸாப் பாடநூல்களில் அது வாழ்கிறது. அம்மரபில் பாடிய மோயின்குட்டி வைத்தியரின் (1852–1892) பெயரில் கொண்டோட்டியில் ஒரு கலைக்கழகமே நடைபெறுகிறது.

நம்மிடையே ஒரு வேதனையான முரணும் உண்டு. கிழிந்த குர்ஆன் ஏடுகளை மிதிபடாமல் காக்க, மண்ணில் புதைப்பதும் நீரில் சேர்ப்பதும் நம் வழக்கம். அரபு எழுத்தில் இருப்பதனாலேயே, படித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் அரபுத் தமிழ் நூல்களையும் பழைய கடிதங்களையும் அந்த ஏடுகளோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறார்கள். அலட்சியத்தால் அழிவது ஒரு பக்கம். மரியாதையாலேயே அழிவது மறுபக்கம். உப்புக் காற்றும், கரையானும், வெள்ளமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

சீறாவைத் தேடியவர்

தேடினால் மீட்கலாம் என்பதற்கு நம் இலக்கியத்திலேயே சான்று உண்டு. உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய சீறாப்புராணம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை 5,027 பாடல்களில் பாடும் காப்பியம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று பகுதிகளைக் கொண்டது. எட்டயபுரத்து அரசவைப் புலவராயிருந்த கடிகைமுத்துப் புலவரே உமறுவின் தமிழாசான். கீழக்கரை வள்ளல் சீதக்காதி இம்முயற்சியைத் தொடங்கி வைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நமக்கு வடக்கே உள்ள பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த அபுல் காசிம் மரைக்காயரின் கொடையை நூலே பாடுகிறது.

இவ்வளவு பெரிய காப்பியமும் ஏட்டுச்சுவடிகளாக ஆங்காங்கே சிதறிக் கிடந்தது. காயல்பட்டினத்து ஷெய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் என்னும் புலவர் நாயகம் சுவடிகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கி, 1842இல் அச்சேற்றினார். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். அதற்கு 45 ஆண்டுகள் முன்பே நம்மவர் ஒருவர் அப்பணியைச் செய்து முடித்திருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

நம் அண்டை ஊரான நாகூரையும் பாருங்கள். குலாம் காதிறு நாவலர் (1833–1908) அங்கே தோன்றி நாகூர்ப் புராணம் முதலிய நூல்களை இயற்றினார். பினாங்குக்குச் சென்று தமிழ் இதழ் நடத்தினார். அதே நாகூரில் 1917இல் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திய சித்தி ஜுனைதா பேகம், ‘காதலா கடமையா’ என்னும் நாவலை 1938இல் வெளியிட்டார். அதற்கு மதிப்புரை வழங்கியவர் உ.வே. சாமிநாதையர். தமிழ் என்னும் ஒரே முற்றத்தில் எல்லாரும் அமர்ந்திருந்த காலம் அது.

கடலுக்கு அப்பாலும் நம் இலக்கியத்திற்கு உறவினர் உண்டு. வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய ஆயிர மசலா, மதீனாவின் யூத அறிஞராயிருந்து பின்னர் இஸ்லாத்தை ஏற்ற அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் வினவியதாக அமைந்த வினாவிடை நூல். இதே கதை மலாய் மொழியிலும் ஜாவா மொழியிலும் வழங்கிற்று. ரொனித் ரிச்சி என்னும் ஆய்வாளர் இம்மூன்று மொழி நூல்களையும் ஒப்பிட்டு 2011இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். வெளிநாட்டு அறிஞர் தேடி வந்து படிக்கும் நூலை, அந்நூலின் சொந்த மொழியினராகிய நாம் பெயரளவிலேனும் அறிய வேண்டாமா?

எடைபோடும் கலை

வாசகர்களே! இங்கே ஒரு நியாயமான ஐயம் உங்களுக்கு எழலாம். “அந்தப் பழைய நூல்களில் ஆதாரமற்ற செய்திகளும் கலந்துள்ளனவே, அவற்றை ஏன் பாதுகாக்க வேண்டும்?” என்று கேட்பீர்கள். உண்மைதான். காப்பியங்களிலும் கிஸ்ஸாக்களிலும் உறுதியான ஹதீஸும் உண்டு, பலவீனமான அறிவிப்பும் உண்டு, புலவரின் கற்பனையும் உண்டு. இதனால் நம்மிடையே இரு சாரார் உருவாகிவிட்டனர். ஒரு சாரார், பழையது என்பதனாலேயே அனைத்தையும் மார்க்கமாக ஏற்கின்றனர். மற்றொரு சாரார், பிழை கலந்துள்ளது என்பதனாலேயே அனைத்தையும் குப்பையில் சேர்க்கின்றனர். இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதுபோல் தோன்றினாலும், ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றனர்: இருவருமே நூலைத் திறந்து ஆராய்வதில்லை!

ஆராய்வதோ நம் சமுதாயத்தின் தனிச்சிறப்பு. செய்தி கொண்டு வருபவர் தீயவராயின் தீர விசாரியுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் கட்டளையிடுகிறது. இதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று கேட்டுக் கேட்டே ஹதீஸ்கலை வளர்ந்தது. அறிவிப்பாளர் தொடர் மார்க்கத்தில் ஒரு பகுதி என்றே அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் கருதினார்கள். ஆனால் அந்த இமாம்கள் பலவீனமான அறிவிப்புகளை எரித்துவிடவில்லை. எழுதி வைத்து, அதன் பலவீனத்தையும் பக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்) தம் வரலாற்று நூலின் முன்னுரையில், தமக்குக் கிடைத்தபடியே செய்திகளைத் தருவதாகவும், ஏற்க முடியாதது இருப்பின் அது அறிவித்தவர்களிடமிருந்து வந்தது என்றும் தெளிவுபடுத்தியுள்ளார்கள்.

துனீஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன் (ரஹ்) இன்னும் ஒருபடி மேலே சென்றார்கள். மூஸா (அலை) அவர்களுடன் இருந்த படை ஆறு இலட்சத்திற்கும் அதிகம் என்ற செய்தியைத் தம் முகத்திமாவில் எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் ஒரு போர்க்களத்தில் அணிவகுக்க இடமேது, யஃகூப் (அலை) அவர்களுக்குப் பின் சில தலைமுறைகளுக்குள் அவ்வளவு பெருக முடியுமா என்று வினவினார்கள். சொன்னவர் யார் என்பதோடு, சொன்னது நடக்கக் கூடியதா என்றும் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் கற்பித்த பாடம்.

இந்த அளவுகோலை நம் கரைக்கும் பொருத்திப் பாருங்கள். ‘மரைக்காயர்’ என்னும் சொல், மரக்கலங்களை உடைய ‘மரக்கலராயர்’ என்பதிலிருந்து வந்தது என்பர் சிலர். கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். நம் குலப்பெருமைக்கு எது இனிக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வது வரலாறு ஆகாது. எந்த நூற்றாண்டின் எந்த ஆவணத்தில் எவ்வடிவம் வருகிறது என்று தேடுவதே வரலாறு. அந்த ஆவணம் ஒருவேளை உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கலாம்!

இலக்கியத்தை எடைபோடும் கல் வேறு. சீறாவின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டிலே மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் விளைகிறது. மணல் நாட்டில் இது பொய்யல்லவா என்று கேட்பது பொருந்தாது. நாட்டு வளம் பாடுவது தமிழ்க் காப்பிய மரபு. பாலைவனத்தைக் கண்டிராத தமிழனுக்கு, தான் அறிந்த வயலையும் வாய்க்காலையும் காட்டி, தன் நாயகரின் (ஸல்) நாட்டை நெஞ்சுக்கு அருகே கொண்டுவந்தார் புலவர். அதை அன்பின் மொழியாகப் படித்தால் சுவையும் உண்டு, பண்பாட்டுச் செய்தியும் உண்டு. புவியியல் பாடமாகப் படித்தால்தான் பிழை. சட்டத்திற்குத் திருமறையையும் உறுதியான ஹதீஸையும் நாடுவோம். நம் முன்னோர் எப்படி நேசித்தனர், எப்படிச் சிந்தித்தனர் என்பதை அறிய அவர்களின் நூல்களை நாடுவோம். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பதே நீதி.

நம் இல்லங்களில் தொடங்குவோம்

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் தம் ஆர்வத்தால் சேர்த்த நூல்களும் துண்டுப் பிரசுரங்களுமே, அவர் மறைந்த பின் 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்திற்கு அடித்தளமாயின. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகச் சென்று சேகரித்த சைவச் சுவடிகள், 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இடம்பெற்றன. நாம் தொடங்க வேண்டியது இன்னும் எளிதான இடத்தில்.

முதலாவதாக, வீடு இடிக்கும்போதும் வெள்ளையடிக்கும்போதும், பழைய ஏடு எதையும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் புதைக்கவோ எரிக்கவோ வேண்டாம். குர்ஆன் ஏடு எது, அரபுத் தமிழ் ஏடு எது என்று பிரித்தறிய உங்கள் ஊர் ஆலிமின் உதவியை நாடுங்கள். பிரெஞ்சு மொழிப் பத்திரங்களையும் சைகோன் கடிதங்களையும் புரியவில்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

இரண்டாவதாக, ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். யாருடையது, எந்த வீட்டில் கிடைத்தது, நூலின் இறுதியில் எழுதியவர் பெயரோ ஹிஜ்ரி ஆண்டோ உள்ளதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹிஜ்ரி 1300 என்று கண்டால் அது 1882–83 என்று பிள்ளைகளுக்குக் கணக்கிட்டுக் காட்டுங்கள். அந்தப் புத்தகத்திற்கு அதுவே அறிவிப்பாளர் தொடர்.

மூன்றாவதாக, அரபுத் தமிழ் ஓதத் தெரிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே, பேரப்பிள்ளைகளை அவர்கள் அருகே அமரச் செய்யுங்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைக்கு மிகச் சில எழுத்துகளே புதியவை. விடுமுறைக் கால மதரஸா வகுப்பில் அவற்றைச் சேர்ப்பதும் ஜமாஅத்தார்க்கு இயலாத செயல் அன்று. ஒரு முதியவர் மண்ணுக்குள் சென்றபின் அவரிடம் கேட்க நினைத்த கேள்விக்கு விடை சொல்ல யாருமில்லை.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த நபித்தோழர்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் ஆலோசனையின் பேரில் அபூபக்ர் (ரலி) அவர்கள் எடுத்த முடிவை நினைத்துப் பாருங்கள். உள்ளங்களில் இருந்ததையும், பேரீச்சை மட்டையிலும் கல்லிலும் எழுதப்பட்டிருந்ததையும் ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்கள் ஒப்புநோக்கித் திரட்டினார்கள். இறைவேதத்திற்கு நிகராக வேறெதையும் வைக்க முடியாது. எனினும், அறிந்தவர்கள் மறைவதற்குள் திரட்ட வேண்டும், திரட்டியதைச் சரிபார்க்க வேண்டும் என்னும் முன்மாதிரி நமக்கு அங்கே கிடைக்கிறது.

முன்னோர் விட்டுச்சென்ற எழுத்து, சொத்தைப் போலப் பங்கிட்டு விற்பதற்கன்று. அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்க்க வேண்டிய அமானிதம். அமானிதத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பது மட்டும் போதாது. திறந்து, படித்து, எடைபோட்டு, உரியவர் கையில் ஒப்படைக்கவும் வேண்டும்.

கற்றதைக் கொண்டு பயன்பெறவும், செய்தியை விசாரித்து ஏற்கவும், முன்னோரின் நற்பணியைப் பாதுகாக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.